கோத்தகிரிக்கு மட்டும் விலை வரவில்லை

குன்னூர் உறுப்பினர்:
வேரியபிளை (புரோகிராமில் ஒரு மதிப்புக்கு வைத்த பெயரை) நேரடியாக எழுதாமல், அதன் பெயரை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகக் கொடுத்துத் தேடிய அனுபவத்தைக் குழுவில் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஒரு தேயிலை ஃபேக்டரியின் பச்சை இலைக் கணக்கு. முன்பு இருந்தவர் எழுதிய பைத்தான் புரோகிராம் என் கைக்கு வந்தது. ஊருக்கு ஒரு வேரியபிள், அதுவும் தமிழிலேயே: குன்னூர், கூடலூர், கோத்தகிரி. பைத்தான் 3 இதை ஏற்கும். ஷீட்டில் வரும் ஊர்ப் பெயரை அப்படியே குளோபல்ஸுக்குள் (புரோகிராமின் பொது வேரியபிள்கள் இருக்கும் பட்டியல்) போட்டுக் கிலோ விலையை எடுக்கும்.

திடீரென்று கோத்தகிரிக்கு மட்டும் கீ-எரர், அதாவது அந்தப் பெயரே இல்லை என்ற பிழை. வேரியபிள் கண்ணெதிரே இருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை. இரண்டு பெயருக்கும் லென் (குறிகளை எண்ணும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். வேரியபிளுக்கு 9, ஷீட்டில் வந்ததற்கு 10! எல்லாம் அந்த ‘கோ’ செய்த வேலை. எழுத்துகளைக் கணினியில் வைக்கும் யூனிகோடு முறையில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. புரோகிராமில் பெயரை நேரடியாக எழுதினால் பைத்தான், என்.எஃப்.கே.சி. என்ற யூனிகோடு ஒருமைப்படுத்தும் முறைப்படி இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் கொடுத்ததை அப்படியே தேடும். குன்னூர், கூடலூரில் பிரிகிற குறி இல்லாததால் அவை தப்பின.

எரர் வந்ததே நல்லது என்பேன். அதே புரோகிராமில் ‘மொத்தம்’ என்றும் ஒரு வேரியபிள் இருந்தது. ஷீட்டில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது ‘மொத்தம்’ என்று, ஒரே குறி உள்ள ‘மொ’வோடு, அடித்திருந்தால் அந்தத் தொகையையே விலையாக எடுத்துச் சத்தமில்லாமல் கணக்குப் போட்டிருக்கும். இலை போடுகிற சிறு விவசாயியின் காசு அது. விலைகளை, பெயருக்கு நேராக மதிப்பு வைக்கும் தனிப் பட்டியலான டிக்‌ஷனரிக்கு மாற்றிவிட்டேன். டிக்‌ஷனரியும் தானாக எழுத்தைச் சரிசெய்யாது என்பதால், உள்ளே போடும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்கிறேன், அதாவது பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கொடைக்கானல் உறுப்பினர்:
எங்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில், அண்ணா. காட்டேஜ் புக்கிங் பக்கம், அறை வாடகையை விண்டோவில் (பிரௌசர் பக்கத்தின் பொதுப் பெயர்கள் இருக்கும் இடம்) பெயர் சொல்லி எடுக்கும். வேரியபிளை அறிவிக்கும் பழைய ‘வார்’களை ‘லெட்’ ஆக மாற்றியதும் எல்லா வாடகையும் அன்டிஃபைன்ட், மதிப்பே இல்லை! வெளி மட்டத்தில் ‘வார்’ போட்டால்தான் விண்டோவில் ஒட்டும். லெட்டும், அதைப் போன்ற கான்ஸ்டும் ஒட்டாது. சீசன் நேரம் வேறு, போன் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது எல்லாம் ஒரே ஆப்ஜெக்டில் (பெயரும் மதிப்பும் சேர்ந்த தொகுப்பு).

குன்னூர் உறுப்பினர்:
சரி தம்பி, முடிந்தால் அதை ‘மேப்’ ஆக்கிவிடுங்கள். வெறும் ஆப்ஜெக்டில் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்று தேடினால்கூட, அது தானாகவே கிடைக்கும் பெயர் என்பதால், ஒரு ஃபங்ஷன் கிடைத்துவிடும். மேப்பில் நீங்கள் போட்டது மட்டும்தான் வரும்.