தாத்தாவின் பூர்வீக ஊரைத் தேடுகிறேன், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரி பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறோம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பியவர் தாத்தா. 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்துவிட்டு மலையேறினார். அவருடைய அப்பா எந்த ஊரிலிருந்து இலங்கைக்குப் போனார் என்பதுதான் தெரியவில்லை.

டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருக்கிறது. ஊர்ப் பெயரைப் பூச்சி அரித்து, கடைசியில் ‘பட்டி’ மட்டும் மிச்சம். மாவட்டம் திருச்சி. அப்போதைய திருச்சி என்றால் கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அதற்குள்தான், பட்டியில் முடியாத ஊர்களை எண்ணுவது சுலபம். பாட்டிக்கு நினைவிருப்பது இலங்கையில் ஹட்டன் பக்கத் தோட்டமும், கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்தவர்) துறையூர்க்காரர் என்பதும்தான்.

ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, பெயரை ஐந்தாறு ஸ்பெல்லிங்கில் போட்டுப் பார்த்தேன் (நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கேட்டால் எதைப் போடுவது?), ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம் பார்த்தது, பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் இந்தியா ஆபீஸ் பதிவுகள் (வெள்ளைக்காரர் ஆட்சிக்கால ஆவணங்கள்). அதில் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையது, நாங்களோ மாரியம்மன் கும்பிடுகிறவர்கள்.

மண்டபம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பெயர்ப் பதிவேடு, தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடும்படி, இணையத்தில் எங்காவது இருக்கிறதா?