வன்னிக் காட்டில அட்டையாம்!

குளக்கட்டு: வவுனியா ரவுணைத் தாண்டினவுடனே இருக்கிற காட்டு நடைபாதைக்குப் போறவைக்கு ஒருத்தர் இங்க எழுதியிருக்கிறார்: “ஆடியில போங்கோ, அட்டைக்கு உப்புப் பொட்டலம் மறக்காதேங்கோ.” சிங்கராஜா மழைக்காட்டுக்கு எழுதினதைப் பேர் மாத்திப் போட்டிட்டீரோ? சருகு எந்தநேரமும் ஈரமா இருந்தாத்தான் அட்டை தங்கும். இங்க ஆடியில சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும்.

வடலி: எழுதினது நான்தான். அட்டை இருக்கு. 50 கிராம் உப்புக் கொண்டுபோனா என்ன குறைஞ்சு போவீர்?

குளக்கட்டு: அட்டையைத் தேடித்தேடி நடக்க, உண்ணி ஏறிடும். மானும் மாடும் போற தடத்தில, புல்நுனியில காத்துக்கொண்டு நிக்கும். குஞ்சு உண்ணி கடுகிலும் சின்னன். வெளிர்நிறக் காற்சட்டை போட்டு, அடி விளிம்பைக் காலுறைக்குள்ள செருகுங்கோ. திரும்பி வந்து முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி இறுக்கின இடம், அக்குள், காதுக்குப் பின்பக்கம் எல்லாம் பாக்கோணும். கடிச்சிருந்தா கூர்ச்சாவணத்தால தோலோட ஒட்டி வாய்ப்பக்கத்தைப் பிடிச்சு நேரா, மெதுவா இழுங்கோ. முறுக்கினா வாய் உள்ளுக்க முறியும். வயிறை நசிக்கவும் கூடாது. இரண்டு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்து, கடிச்ச இடத்தில கறுத்த பொருக்கும் இருந்தா டொக்டரிட்ட உண்ணிக்கதையைச் சொல்லுங்கோ.

மண்ணெண்ணெய்: சாவணமாம்! நெருப்புக்குச்சியை அணைச்சுச் சூட்டோட வையும், தானா விழும்.

குளக்கட்டு: விழமுன்னம் உள்ளுக்க கக்கிப்போட்டுத்தான் விழும்.

வடலி: உண்ணியை ஆர் கேட்டது? அட்டை இருக்கோ இல்லையோ? மாரியில குளத்துக்க இறங்கிப் பாரும்.

குளக்கட்டு: அது குளத்து அட்டை. நடைபாதையில நீந்தியே போறனீர்?

முதிரை: மரவட்டையையும் அட்டை எண்டுதானே சொல்லுறம்? முதல் மழையோட பாதை முழுக்க அதுதான்.

வடலி: பாத்தீரோ, இருக்கு!

குளக்கட்டு: மன்னாரில கடலட்டையும் இருக்கு, உப்போட போம். போனமுறை வீரை மரத்தைக் காட்டிப் பாலை மரம் எண்டதும் நீர்தான். அடிமரம் பள்ளம் பள்ளமா முறுகி நிண்டா வீரை. பாலைக்குப் பட்டை கறுத்து வெடிச்சிருக்கும், காம்பை முறிச்சாப் பால் வரும். பழம் விழுற காலத்தில அந்த மரத்தடிக்குக் கரடி வரும். அதை எழுதினீரோ? உப்பை எழுதினீர்.

வடலி: காடு என்ன உங்கட சீதனமோ?

முதிரை: பனங்கூடலைத் தவிர ஒண்டும் காணாத ஆக்கள் காட்டுக்கு வழிசொல்ல வந்தா இப்பிடித்தான்.

வடலி: வந்திட்டுது ஊர்ச்சண்டை. அட்டைக்குப் பதில் இல்லை.

குளக்கட்டு: இல்லாத ஊருக்கு வழி கேக்கிறீர். அட்டை கடிச்சாலும் உப்புப் பிழை. குடிச்சதைக் காயத்துக்கையே கக்கும். மெல்லிய முனைக்குக் கீழ நகத்தை விட்டு வழிச்சு எடுத்துப்போட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவோணும். இரத்தம் கனநேரம் கசியும், பயப்பிடத் தேவையில்லை.

வடலி: “கடிச்சாலும்” எண்டு நீரே எழுதிப்போட்டீர். அப்ப இருக்கு.

குளக்கட்டு: இல்லை.

மண்ணெண்ணெய்: நெருப்புக்குச்சிக்கு இன்னும் ஒருத்தரும் ஒழுங்காப் பதில் சொல்லேல்லை.