எந்தத் துறையைத் தேடிப் போனீர்கள்? மனதை விட்டு அகலாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

மூன்றாம்மாடி:
எங்களுடையது சிறிய ஐடி சேவை நிறுவனம். நெட்வொர்க், பேக்கப், மாதாந்திரப் பராமரிப்பு என்று எல்லோரும் செய்வதைத்தான் செய்கிறோம். எந்தத் துறையைக் குறிவைப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பல் மருத்துவரைப் பார்க்கப் போனேன். விலைப்பட்டியலைப் பிரிப்பதற்குள் அவர் கேட்டார்: "நோயாளி வாயைத் திறந்தபடி நாற்காலியில் இருக்கிறார். எக்ஸ்ரே சென்சாரை வைத்துவிட்டேன். படம் திரையில் வரவில்லை. உங்களை அழைக்கிறேன். முதலில் என்ன கேட்பீர்கள்?"

"டிக்கெட் பதிவு செய்துவிட்டு..." என்று புகாருக்கு எண் போட்டுப் பதிவு செய்யும் எங்கள் வழக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் உறுத்துகிறது. ஒப்பந்தம் போடும் முன்பே அவர்களுடைய மென்பொருளைக் கரைத்துக் குடித்துவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நீங்கள் எல்லாம் எப்படித் துறையை முடிவு செய்தீர்கள்?

பட்டறைவாசி:
தொழிற்சாலைகள். காரணம் ஒரே ஒரு காகிதம்.

பழைய சிஎன்சி இயந்திரங்கள், அதாவது கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டிக் கடைபவை. உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. இயந்திரம் மட்டும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அப்டேட் போட்டால் பொறுப்பேற்க மாட்டோம் என்பார் இயந்திரத்தை விற்றவர். நான் போன இடத்தில் மேற்பார்வையாளர் இரண்டு கைகளையும் விரித்து இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டார். "இதைத் தவிர எதை வேண்டுமானாலும் தொடுங்கள்." 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) பரவியபோது கார் தொழிற்சாலைகள்கூட உற்பத்தியை நிறுத்தியதைச் சொன்னேன். தலையை ஆட்டினார், நகரவில்லை.

உரிமையாளர் ஒன்றும் பேசாமல் சுவரில் தொங்கிய அட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தார். உற்பத்தி நின்ற நேரங்களின் பதிவேடு அது. தேதி, எத்தனை நிமிடம், காரணம், எல்லாம் பென்சிலில். "கருவி முறிந்தது", "மின்தடை", "மூலப்பொருள் வரவில்லை", "நெட்வொர்க்", "நெட்வொர்க்", மறுபடியும் "நெட்வொர்க்". கடைசிச் சொல்லை யாரோ இத்தனை அழுத்தி எழுதியதில் காகிதம் கிழிந்திருந்தது. இவர்களிடம் என் சேவைக்கு ஒரு மதிப்பை நான் கற்பிக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அங்கேயே புரிந்தது.

எக்ஸ்பியைத் தொடவில்லை. இயந்திரங்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து, நடுவில் ஃபயர்வால் வைத்து, வரைபடக் கோப்புகள் போக ஒரே ஒரு வழியைத் திறந்து வைத்தோம். அதற்குப் பிறகு எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். அப்படி ஒன்று இல்லாத ஆலையில் ஒப்பந்தம் பேசுவது வீண் வேலை.

வெள்ளைக்கோட்டு:
மூன்றாம்மாடி, அந்த மருத்துவர் கேட்டது முழுக்க நியாயம். நான் பல் மருத்துவத் துறையில் மட்டுமே வேலை செய்கிறேன். முதல் கேள்வி இதுதான்: "அந்த அறையில் மட்டுமா, எல்லா அறைகளிலுமா?" ஒரே அறை என்றால் யுஎஸ்பி கம்பி, டிரைவர், இல்லாவிட்டால் மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த யுஎஸ்பி இணைப்பை உறங்க வைத்திருக்கும். எல்லா அறைகளும் என்றால் படங்களின் டேட்டாபேஸ் இருக்கும் சர்வர். இதைக் கேட்க பத்து விநாடி போதும். நோயாளியின் வாய் திறந்திருக்கும்போது டிக்கெட்டைப் பற்றிப் பேசினால் நானும் பேனாவை மூடியிருப்பேன்.

என் கதை? வரவேற்பறைப் பெண் ஒருவர். மருத்துவரோடு நான் பேசிக்கொண்டிருந்த முழு நேரமும் கதவருகில் நின்றார். கிளம்பும்போது, "முன்பு இருந்தவர்களை நிறுத்தச் சொன்னது நான்தான்" என்றார். அவ்வளவுதான். முடிவெடுப்பவர் யார் என்பது துறைக்குத் துறை மாறும். இங்கே அது வரவேற்பறை.

கருப்புஅங்கி:
வழக்கறிஞர் அலுவலகங்களைப் பிடித்தோம். ஒன்று கிடைத்தது, அவர் சொல்லி இன்னொன்று, பிறகு தானாக வளர்ந்தது. துறை நிபுணத்துவம் என்று பெருமையாக இருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ அலுவலகத்தில் ஒரு மூத்த வழக்கறிஞர் எங்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு படித்தார். ஒரு பெயரில் விரல் நின்றது.

"இவர்கள் நான் நடத்தும் வழக்கில் எதிர்த்தரப்பு. அவர்களுடைய சர்வருக்கும் என்னுடைய சர்வருக்கும் ஒரே ஆள்தான் பாஸ்வேர்டு வைத்திருப்பாரா?"

அறையில் மின்விசிறிச் சத்தம்தான். ஆமாம், ஒரே ஆள்தான். நானேதான். ஒரு துறைக்குள் ஆழமாகப் போ என்று அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆழமாகப் போகப் போக ஒருவருக்கொருவர் எதிரிகளாக இருப்பவர்களின் சாவிகள் எல்லாம் உங்கள் ஒரே கொத்தில் சேரும்.

பழையமோடம்:
எல்லோரும் துறைக்குள்ளே போய் மூழ்கிவிட்டீர்கள். நான் ஓட்டல்களை வைத்திருந்தேன். 2020 மார்ச். போன் அடிக்கவில்லை. வரவேற்பு மேசைக் கணினிகள் ஒவ்வொன்றாகக் கண்காணிப்புத் திரையில் சிவப்பாயின. பழுதில்லை, அவர்களே அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். என் கதை அவ்வளவே.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். எந்த ஒரு துறையும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. துறையைத் தேடுவதற்கு முன்பு உங்கள் பழைய டிக்கெட்டுகளைத் துறைவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: யாருடைய அழைப்புகள் சீக்கிரம் முடிகின்றன, யார் தேதி தவறாமல் பணம் தருகிறார்கள், யாரிடம் பில்லுக்காகப் படியேறி இறங்க வேண்டியிருக்கிறது. கட்டுமானத் துறையில் வேலை கொட்டிக் கிடக்கும், பணம் மட்டும் அவர்களுடைய வாடிக்கையாளர் அவர்களுக்குத் தந்த பிறகுதான் உங்களுக்கு வரும். அறக்கட்டளைகளில் மனிதர்கள் தங்கம். நிர்வாகக் குழு கூடும்வரை ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வாங்கக்கூட அனுமதி இராது. அடுத்து, துறையின் முக்கிய மென்பொருள் யாருடையது, அதை விற்பவர் உங்களோடு பேசுவாரா, இல்லை எதற்கெடுத்தாலும் "உங்கள் நெட்வொர்க்கைப் பாருங்கள்" என்று தள்ளிவிடுவாரா என்று விசாரியுங்கள். விதிமுறைகளையும் கவனியுங்கள். அட்டை மூலம் பணம் வாங்கும் எவருக்கும் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற அட்டைத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை உண்டு. அதன் 3.2.1 பதிப்பு 2024 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றது; புதிய பதிப்பில் தள்ளி வைக்கப்பட்டிருந்த விதிகள் 2025 மார்ச் 31 முதல் கட்டாயம். இப்படி ஒரு தேதி நெருங்கும்போது விற்பனைக்கு நீங்கள் அலைய வேண்டாம், அவர்களே அழைப்பார்கள். இன்னொன்று, உங்கள் ஊழியர்களில் யாராவது முன்பு மருந்தகத்திலோ கிடங்கிலோ வேலை பார்த்தவர்களா என்று கேளுங்கள். அவர்கள்தான் உங்கள் ஆராய்ச்சி அறிக்கை.

மாதக்கடைசி:
பழையமோடம் ஐயா, ஓட்டல் கதைக்கு வருந்துகிறேன், ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021 ஜூலையில், நம்மைப் போன்ற சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் கசேயாவின் விஎஸ்ஏ கருவி வழியாக ரான்சம்வேர் பரவியதே, அதில் சிக்கியவர்கள் ஒரே துறையினரா? ஏறத்தாழ 60 சேவை நிறுவனங்கள், அவர்களை நம்பியிருந்த 1,500 வரையிலான வணிகங்கள். ஸ்வீடனில் கூப் என்ற மளிகைக் கடை நிறுவனத்தின் சுமார் 800 கடைகள் கல்லாப் பெட்டி வேலை செய்யாமல் மூட வேண்டியதாயிற்று. பத்துத் துறைகளில் வாடிக்கையாளர்களைப் பரப்பி வைத்துவிட்டு அத்தனை பேருடைய கணினிகளையும் ஒரே கருவியால் நிர்வகித்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பா?

நாங்கள் கணக்குத் தணிக்கையாளர்களுக்கு மட்டுமே வேலை செய்கிறோம். வரிக் கெடு நெருங்கும்போது எல்லோருக்கும் ஒரே இரவு. ஒரு முறை கணக்கு மென்பொருளின் அப்டேட் ஒன்று வந்து அச்சிடும் வசதியை முடக்கியது. முதல் அழைப்பு வந்தபோது எங்கள் பெண் ஊழியர் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்: அச்சுப்பொறியின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தால் புதிய பதிப்பு திணறுகிறது. பெயரை மாற்றும் சிறிய ஸ்கிரிப்டை எழுதி எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினோம். ஒரு தணிக்கையாளர் புகார் சொல்ல அழைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் அச்சுப்பொறி ஓடத் தொடங்கியது. "இருங்கள்... நான் இன்னும் என்ன பிரச்சினை என்றே சொல்லவில்லையே" என்றார். பத்துத் துறைகளில் இருப்பவருக்கு இந்த இன்பம் வாய்க்காது.

பழையமோடம்:
கருவி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 2020 மார்ச்சில் நீங்கள் ஓட்டல் வைத்திருக்கவில்லை.

மூன்றாம்மாடி:
வெள்ளைக்கோட்டு, அந்தப் பத்து விநாடிக் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன். நியாயமா என்பதில் இன்னும் இழுபறிதான். கருப்புஅங்கி, அந்த மூத்த வழக்கறிஞரிடம் என்ன பதில் சொன்னீர்கள்? ஒப்பந்தம் கிடைத்ததா?

கருப்புஅங்கி:
அப்போது பதில் சொல்லவில்லை, அவகாசம் கேட்டேன். இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனி நிர்வாகக் கணக்குகள், தனித்தனி ஊழியர்கள், யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்ற பதிவு அந்தந்த அலுவலகத்துக்கே நேராகப் போகும்படி ஏற்பாடு செய்தோம். வாடிக்கையாளர் பட்டியலை விளம்பரத்திலிருந்து நீக்கினோம். ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் சேர்த்தோம்: புதிய அலுவலகத்தை ஏற்கும் முன், ஏற்கெனவே இருப்பவர்களோடு மோதல் உண்டா என்று பெயர் வெளியிடாமல் விசாரிப்போம். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒரு வரியை அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டார். எதிர்த்தரப்பு அலுவலகம்தான் அடுத்த மாதமே எங்களை நிறுத்திவிட்டது.