சோலார் இன்வெர்ட்டரை வீட்டு வயரிங்கில் சேர்த்ததும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஊர் சங்கரன்கோவில் பக்கம். மொட்டை மாடியில் 165 வாட் பேனல் இரண்டு, 12 வோல்ட் 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி, சோலார் இன்வெர்ட்டர் ஒன்று. இன்வெர்ட்டரின் பின்னைக் கீழ்வீட்டுப் பிளக்கில் சொருகி, அவுட்புட்டில் இருந்து பேஸ் ஒயரை (கரண்ட் வரும் ஒயர்) மட்டும் லைட் போர்டுகளுக்கு இழுத்திருக்கிறார் எலக்ட்ரீஷியன். கீழே எல்லாம் நன்றாக எரிகிறது. மாடியில் ஒரே ஒரு 9 வாட் பல்பைப் போட்டாலும் மாடி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, அதாவது தானே ஆஃப் ஆகிறது. சில நேரம் கீழ் ஆர்சிசிபியும் சேர்ந்து விழுகிறது. இ.பி. கரண்ட் இல்லாதபோதும் இதே கதைதான். இன்வெர்ட்டர் கோளாறா?

பதில்:
மாடிக்கு இன்வெர்ட்டர் லைனே வேண்டாம் சார். இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயர் ஒன்று செய்து, கரண்ட் போனதும் மெயினை ஆஃப் செய்துவிட்டு, இன்வெர்ட்டரில் இருந்து மாடி பிளக்கில் சொருகுங்கள். வேலை முடிந்தது.

பதில்:
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒரு நாள் மெயினை ஆஃப் செய்ய மறந்தால் போதும், உங்கள் இன்வெர்ட்டர் கரண்ட் தெரு லைனுக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் பின்னோக்கியும் வேலை செய்யும். 230 வோல்ட் அந்தப் பக்கம் 11,000 வோல்ட் ஆகும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் கை வைப்பவர் ஒரு லைன்மேன். அந்த நேரம் இ.பி. திரும்ப வந்தால் இன்வெர்ட்டரும் எரிந்துவிடும். போதாததற்கு, ஒரு முனையைச் சொருகினாலே மறுமுனைப் பின்னில் கரண்ட் வெளியே நிற்கும். குழந்தைகள் இருக்கும் வீடு.

கேட்டவருக்கு: மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி ஆர்சிசிபிதானே? இ.பி. இல்லாதபோது, இன்வெர்ட்டரில் மாடி பல்பைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்துவிடும், எரிகிறதா என்று பார்க்க முடியாது. அதனால் மாடி ஆர்சிசிபியை நீங்களே ஆஃப் செய்துவிட்டு பல்பைப் போடுங்கள். எரிகிறதா?

கேட்டவர்:
ஆமாம் அண்ணா, இரண்டு ஆர்சிசிபி. ஆஃப் செய்தால் பல்பு எரியவே இல்லை. டெஸ்டர் வைத்தால் ஹோல்டரின் இரண்டு முனையிலும் எரிகிறது!

பதில்:
அப்போ இன்வெர்ட்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி. பேஸ் வருகிறது; மாடி ஆர்சிசிபியை ஆஃப் செய்ததும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) துண்டாகிவிடுகிறது; அதனால்தான் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிகிறது. மாடி லைட்டின் நியூட்ரல் மாடி ஆர்சிசிபி வழியாகத் திரும்புகிறது, பேஸோ கீழ் ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கும் இன்வெர்ட்டரில் இருந்து வருகிறது. போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒரே ஆர்சிசிபியில் சமமாக இருக்க வேண்டும். 9 வாட் பல்பே 40 மில்லி ஆம்பியர் அளவு இழுக்கும். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்குள் விழுந்துவிடும். கீழ் லைட்டுகளின் நியூட்ரல் கீழேயே சேர்வதால் அங்கே தொல்லை இல்லை.

செய்ய வேண்டியது: மாடியில் இன்வெர்ட்டரில் ஓடும் லைட், ஃபேன் நியூட்ரலை மாடி டிபி (ஒயர்கள் பிரிந்து போகும் பெட்டி) நியூட்ரல் பாரில் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) இருந்து கழற்றி, தனி ஒயரில் இன்வெர்ட்டர் அவுட்புட் நியூட்ரலில் சேர்க்க வேண்டும். எர்த் ஒயரை நியூட்ரலாக்கிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். இ.பி. மெயின், இன்வெர்ட்டர், பேட்டரி, பேனல் ஒயர் எல்லாவற்றையும் பிரித்த பிறகே வேலை. லைசென்ஸ் உள்ளவரே செய்யட்டும்.

கேட்டவர்:
மாற்றியாச்சு அண்ணா, ட்ரிப் நின்றுவிட்டது. ஹால் போர்டில் மட்டும் ஃபேனுக்கும் 6 ஆம்ப் பிளக்குக்கும் ஒரே நியூட்ரல். பிரிக்க முடியவில்லை.

பதில்:
அப்படியானால் அந்த பிளக்கின் பேஸையும் இன்வெர்ட்டர் பக்கமே மாற்றிவிடுங்கள். அதில் அயர்ன் பாக்ஸ், மிக்ஸி வேண்டாம், போன் சார்ஜர் போதும். இரண்டு டிபி மூடியிலும் ‘மெயின் ஆஃப் ஆனாலும் இன்வெர்ட்டர் கரண்ட் இருக்கும்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு அது தெரியாது.