பழைய மடிக்கணினி காலையில் மட்டும் ஐந்து முறை ஒலிக்கிறது: மதர்போர்டு பழுதாகிவிட்டதா?

பாயான் பாரு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என்னிடம் இருப்பது பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த டெல் லாட்டிடியூட் மடிக்கணினி. சில வாரங்களாகக் காலையில் அதை இயக்கியதும் ஐந்து முறை 'பீப்' ஒலி கேட்கிறது. பிறகு கறுப்புத் திரையில், நேரம் அமைக்கப்படவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வருகிறது. எஃப்1 விசையை அழுத்தினால் விண்டோஸ் திறந்துவிடுகிறது. ஆனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருப்பதால், அதைத் திருத்தும்வரை பல இணையதளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று சொல்லித் திறக்க மறுக்கின்றன. மதியம் அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால் ஒலியே இல்லை.

பேட்டரி முன்பே செயலிழந்துவிட்டதால் சார்ஜரில்தான் ஓட்டுகிறேன். இடி மின்னலுக்குப் பயந்து இரவில் சுவர் சுவிட்சை அடைத்துவிடுவேன். ஒரு கடையில் காட்டியபோது, மதர்போர்டு போய்விட்டது, புதிய கணினி வாங்குவதே நல்லது என்றார்கள். தேர்வுத்தாள்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. அவர்கள் சொன்னது சரியா?

செந்தூல் பழுதுபார்ப்பாளர்

வணக்கம் டீச்சர். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையைச் சந்தேகிக்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. திரை உயிர்பெறும் முன்பே பழுதைச் சொல்வதற்காகத்தான், கணினியை முதலில் எழுப்பிப் பாகங்களைச் சோதிக்கும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் ஒலி எழுப்புகிறது; எத்தனை முறை ஒலிக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. அந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல் மடிக்கணினிகளில் இரண்டு என்றால் ரேம் (தற்காலிக நினைவகம்) கண்டறியப்படவில்லை, நான்கு என்றால் ரேம் பழுது, ஐந்து என்றால் கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

உங்கள் விவரங்களில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தச் சுவர் சுவிட்ச். சார்ஜர் மின்சாரம் தரும்வரை கடிகாரமும் அதிலிருந்தே ஓடிக்கொள்ளும். பெரிய பேட்டரி நல்ல நிலையில் இருந்திருந்தால் இரவில் அது கைகொடுத்திருக்கும். இரண்டும் இல்லாத இரவில் முழுச் சுமையும் அந்தச் சிறு பேட்டரியின் மேல் விழுகிறது. அது வலுவிழந்திருப்பதால் விடிவதற்குள் நேரமும் அமைப்புகளும் மறந்துபோகின்றன. மதியம் ஒலிக்காததற்கும் இதுவே காரணம். இதை உறுதிசெய்ய, மழையில்லாத ஓர் இரவில் சுவிட்சை அடைக்காமல் கணினியை மட்டும் அணைத்து வையுங்கள். மறுநாள் காலையில் ஒலி வராவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பட்டர்வொர்த் வாசகர்

ரேமையும் ஒருமுறை கழற்றித் துடைத்துப் பார்ப்பது நல்லது. கடலோரத்தில் வாழும் நமக்கு ஈரக்காற்றால் அந்தப் பொன்னிற முனைகளில் மங்கல் படிவது சாதாரணம். என் பழைய கணினி ஒன்று விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. வெள்ளை அழிப்பான் கொண்டு மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்திய பிறகு அடங்கியது.

செந்தூல் பழுதுபார்ப்பாளர்

அண்ணன் சொல்வது நல்ல வழிதான். ஆனால் ரேம் கோளாறு இப்படிக் காலையில் மட்டும் தலைகாட்டி, எஃப்1 அழுத்தியதும் விலகிவிடாது. டீச்சர் தேதி பின்னால் போவதையும் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே முதலில் பேட்டரியை மாற்றுவோம்.

பாயான் பாரு ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. நேற்றிரவு சுவிட்சை அடைக்கவில்லை. இன்று காலை ஒலி வரவில்லை, தேதியும் சரியாக இருந்தது. அந்தப் பேட்டரியை நானே மாற்ற முடியுமா?

செந்தூல் பழுதுபார்ப்பாளர்

முடியும், ஆனால் முதலில் தேர்வுத்தாள்களை வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இயக்கத்தில் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள்; பயாஸ் அமைப்பு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். அடுத்து, பயாஸுக்குள் சென்று சேமிப்பு வட்டு எந்த முறையில் இயங்குகிறது என்பதைக் காட்டும் 'சாட்டா ஆப்பரேஷன்' என்னும் பகுதியில் ஏஹெச்சிஐ இருக்கிறதா, ரெய்டு இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு பேட்டரியைக் கழற்றும்போது இது தானாக மாறி, விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடலாம். பலர் அங்கேதான் கணினியே போய்விட்டதென்று பதறுகிறார்கள். பழைய நிலைக்கு மாற்றினால் போதும்.

சார்ஜரையும் பெரிய பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்த பிறகே மூடியைத் திறங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் வெறும் வில்லையாக இல்லாமல், நெகிழி உறைக்குள் சிவப்பு, கறுப்பு என இரு மெல்லிய கம்பிகளும் ஒரு சிறிய வெள்ளை முனையும் கொண்டதாக இருக்கும். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் அந்த முனையைத் தள்ளிக் கழற்றுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய், முனையின் அளவும் கம்பிகளின் வரிசையும் ஒத்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பிராங்கின் மால் பக்கம் விசாரிக்கலாம்.

சுங்கை பட்டாணி அம்மா

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், டீச்சர். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். அதன் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.