மிதக்கும் தங்கமீன், மூழ்கும் தங்கமீன்: எங்கள் தொட்டிகளில் கண்டவை

பெரம்பூரிலிருந்து

சென்ற சித்திரையில் ஒரு காலை, எங்கள் மூன்று வயது ரியூகின் வகைத் தங்கமீன் வால் மேலாகவும் தலை கீழாகவும் நீரின் மேற்பரப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இறங்க அது துடுப்புகளை அடித்த வேகத்தையும், அடிப்பதை நிறுத்திய கணமே தக்கையைப் போல மேலே வந்துவிட்டதையும் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே மீன் வாங்கிய கடைக்குச் சென்று சொன்னேன். மீனை நேரில் பார்க்காமலேயே, "இது நீச்சல்பை நோய்" என்று சொல்லி ஒரு மஞ்சள் மருந்தைக் கொடுத்து, தொட்டியை முழுவதும் கழுவிவிட்டு அதை ஊற்றச் சொன்னார்கள். நீச்சல்பை என்பது மீன் நீரில் ஒரே மட்டத்தில் நிற்க உதவும், உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை. நானும் அவர்கள் சொன்னபடியே செய்தேன். கற்களைக் கழுவினேன், வடிகட்டியின் பஞ்சையும் மெட்ரோ தண்ணீர்க் குழாயடியில் வைத்துப் பிழிந்து வெள்ளையாக்கினேன். இன்றும் என் மனத்தை உறுத்துவது அந்தப் பஞ்சுதான். மீன் வெளியிடும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன என்பதும், குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் மீன் இன்னும் மோசமானது. மிதந்ததோடு செவுள்களை வேகமாக அடித்தது. துடுப்பின் ஓரங்களில் செந்நிறக் கோடுகள் தெரிந்தன. நண்பர் ஒருவர் கொடுத்த சோதனைப் பெட்டியால் நீரைச் சோதித்தபோது, மஞ்சளாகவே இருந்திருக்க வேண்டிய அம்மோனியாக் குழாய் நல்ல பச்சையாக மாறியது. அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். அது பூச்சியமாக இருக்க வேண்டும். மிதப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதன்மேல் இரண்டாவது நோயை நானே என் கையால் உண்டாக்கியிருந்தேன். அன்றே பாதி நீரை மாற்றினேன். குளோரின் நீக்கிய, தொட்டியின் வெப்பத்துக்கு ஒத்த நீரையே ஊற்றினேன். அடுத்த பத்து நாட்களும் தினமும் சோதித்து, தேவைக்கேற்ப மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகுதான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைத் தொடங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மீன் எந்த மணிக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதலானேன். காலை 6 மணிக்கு, தொட்டி விளக்கைப் போடும் முன், அது ஏறக்குறைய நேராக நின்றது. 7 மணிக்குத் தீனி போட்டேன். 7.20-க்கு வால் தூக்கியது. 8 மணிக்கு முழுவதும் மேலே வந்துவிட்டது. மாலை 5 மணிக்கு மேல் மெல்ல மெல்ல இறங்கியது. இரண்டு நாட்களும் இதே ஒழுங்கு. நீச்சல்பையே கெட்டுப்போயிருந்தால் அது காலை, மாலை பார்த்து மிதக்காது அல்லவா? உணவோடு வந்து உணவோடு போகும் தொல்லை குடலில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. நான் போட்டுவந்தது மிதக்கும் குருணைத் தீனி. மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து அதை உண்ணும்போது மீன் காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. உலர்ந்த குருணை உள்ளே போய் ஊறிப் பருக்கிறது. தங்கமீனின் நீச்சல்பைக்கும் உணவுக்குழலுக்கும் இடையே ஒரு சிறு குழாய் உண்டு என்பதையும் அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாட்கள் முழுப் பட்டினி போட்டேன். "லங்கணம் பரம ஔஷதம்" என்று என் பாட்டி சொல்வது மீனுக்கும் பொருந்தியது. வளர்ந்த தங்கமீன் சில நாட்கள் உணவின்றி இருப்பதால் அதற்கு ஒன்றும் நேராது. பட்டினி போடுவதற்கு நமக்குத்தான் மனம் வருவதில்லை. தொட்டியின் நீர்மட்டத்தை 15 சென்டிமீட்டராகக் குறைத்தேன்; ஏறி இறங்கும் உழைப்பாவது குறையட்டும் என்ற எண்ணம்தான். நான்காம் நாள் ஒரு பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கி, மீனின் கண் அளவுத் துண்டுகளாகக் கொடுத்தேன். பலர் பட்டாணியையே மருந்தாகச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் குணம் தந்தது பட்டினிதான். பட்டாணி உதவியது, அவ்வளவே. ஒன்பதாம் நாள் அது நேராக நீந்தியது. இப்போது மூழ்கும் குருணையை மட்டும், பத்து நிமிடம் தொட்டி நீரிலேயே ஊறவைத்துக் கொடுக்கிறேன்.

குன்னூரிலிருந்து

பெரம்பூர்ச் சகோதரியின் பகிர்வைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. மார்கழி மாதத்தில் எங்கள் பிளாக் மூர் வகைத் தங்கமீன் தொட்டியின் அடியில் வயிற்றை ஊன்றி உட்கார்ந்துவிட்டது. உணவைக் கண்டால் முழு பலத்தோடு மேலே எழும்பும். பாதி வழியில் கல்லைப் போல விழும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகவே இருந்தன. உணவுக்கும் அது விழுவதற்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை.

என் கண்ணில் பட்டது வெப்பமானி. விடியற்காலையில் நீர் 13 டிகிரி செல்சியஸ். பகலில், தொட்டியின் மேல் வெயில் விழும் நேரத்தில், 19 டிகிரி. தங்கமீன் குளிர்நீர் மீன்தானே என்று நான் கவலையின்றி இருந்துவிட்டேன். ஆனால் குளத்தில் வளரும் நீண்ட உடல் கொண்ட தங்கமீனுக்குப் பொறுக்கும் குளிர், உருண்டை உடலும் குவிந்த கண்களும் கொண்ட இந்த வகைகளுக்கு எளிதில் பொறுப்பதில்லை. குளிர்நீரில் செரிமானமும் மந்தமாகிவிடுகிறது. ஒரு சூடேற்றியை வாங்கி, நாளொன்றுக்கு 2 டிகிரிக்கு மேல் ஏறாதபடி, 22 டிகிரிக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தினேன். திடீரென்று ஏற்றியிருந்தால் அதுவே மீனுக்கு இன்னொரு அதிர்ச்சியாகியிருக்கும்.

மூழ்கும் மீனுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. அடியிலேயே கிடந்ததால் அதன் வயிற்றுப்புறத்தில் சரளைக்கல் உராய்ந்து ஒரு சிவந்த புண் தோன்றிவிட்டது. கற்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு வழவழப்பான வெறுந்தரையாக்கினேன். புண்ணுக்காக லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு என்ற கணக்கில் முதலில் கரைத்து, இரண்டு நாள் கழித்து 2 கிராமாக்கினேன். இரண்டு வாரம் அதன் வாய்க்கு அருகிலேயே உணவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புண் ஆறியது, மீனும் எழுந்தது. கடுங்குளிர் நாட்களின் விடியலில் மட்டும் இன்றும் சற்றுச் சாய்ந்து நிற்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து

மேலே இருவரும் எழுதியவை குணமானவற்றின் கதைகள். குணமாகாத ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தம் மீன் தேறவில்லையே என்று மனம் நொந்து, மருந்துக்கு மேல் மருந்தாக ஊற்றிக்கொண்டிருக்கும் ஒருவரேனும் இதைப் படிக்கக்கூடும்.

என் ஐந்து வயது ஒராண்டா வகைத் தங்கமீன் இடப்புறம் மேலாகச் சாய்ந்து இரவும் பகலும் மிதந்தது. நீர்ச் சோதனையில் குறையில்லை. நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டவில்லை. நான்கு நாள் பட்டினியால் ஒரு மாற்றமும் இல்லை. முப்பது லிட்டர் தனித்தொட்டியில், இருபது லிட்டருக்குக் கால் தேக்கரண்டி என்ற அளவில் பேதி உப்பு (எப்சம் உப்பு) கரைத்தும் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து நேர்மேலிருந்து பார்த்தபோதுதான், உடலின் ஒரு பக்கம் மற்றதைவிடப் புடைத்திருப்பது தெரிந்தது. உடல் முழுதும் நீர் கோத்த மீனில் காண்பதுபோலச் செதில்கள் பலாப்பழத் தோலாகச் சிலிர்க்கவில்லை. புடைப்பு மட்டுமே இருந்தது. பக்கவாட்டில் மட்டும் பார்த்து வந்ததால் எத்தனை நாள் இதைத் தவறவிட்டேனோ தெரியவில்லை. மேலிருந்து பார்க்கத் தவறாதீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மீனைப் பார்க்கச் சம்மதித்த ஒரு கால்நடை மருத்துவர் கிடைத்தார். மயக்கமூட்டும் நீரில் சிறிது நேரம் விட்டு, ஈரத்துணியில் கிடத்தி, நொடிகளில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு நீருக்குத் திருப்பினார். படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும். நலமான தங்கமீனின் நீச்சல்பை, இரண்டு பருப்புள்ள நிலக்கடலையைப் போல முன்னறை, பின்னறை என்று கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். என் மீனின் படத்தில் முன்னறை இடத்தில் இருந்தது. பின்னறையை வயிற்றிலிருந்த ஒரு வெண்ணிழல் மேலேயும் ஒருபுறமாகவும் நெருக்கித் தள்ளியிருந்தது. ஸ்கேனில் பார்த்தபோது அது நீர் கோத்த சிறுநீரகம். ஊசியால் நீரை எடுத்தார். அன்று மாலையே மீன் நேராக நின்றது, எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாரத்தில் மீண்டும் நிறைந்துவிட்டது. சிறுநீரகத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணியால் தங்கமீன்களுக்கு இப்படி வருவதுண்டு என்றும், அதற்கு நம்பகமான மருந்து இல்லை என்றும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அந்தச் சொல்லுக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் அன்றோடு கண்ட கண்ட மருந்துகளைத் தொட்டியில் கொட்டுவதை நிறுத்தினேன்.

அதன் பிறகு நான் கவனித்துக்கொண்டது தோலை மட்டும்தான். மிதக்கும் மீனின் உடல் நீருக்கு வெளியே தெரிந்தால் அந்த இடம் காய்ந்து புண்ணாகும். ஆகவே மென்மையான வலை ஒன்றைச் சட்டத்தில் கட்டி, நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே பொருத்தினேன். மீன் அந்த வலைக்கு அடியில் சாய்ந்து ஓய்ந்தது. உடல் எப்போதும் நனைந்தே இருந்தது. கையிலிருந்து உண்ணக் கற்றுக்கொண்டு பதினொரு மாதம் வாழ்ந்தது. உண்பதை நிறுத்திய வாரத்தில், மருத்துவரின் மேற்பார்வையில், கிராம்பு எண்ணெயால் ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி அதன் துன்பத்தை முடித்தோம்.

கொளத்தூரிலிருந்து

இருபது ஆண்டுகளாக வண்ணமீன் வளர்ப்பையே தொழிலாகச் செய்து வருகிறேன். கோயம்புத்தூர் ஐயாவின் வலை யோசனை எனக்கே புதியது, குறித்து வைத்துக்கொண்டேன். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேராக நீண்ட குடலுக்குப் போகிறது. அந்தக் குடலையும் நீச்சல்பையையும் ரியூகின், ஒராண்டா, ராஞ்சு போன்ற குட்டை உடலுக்குள் திணித்திருக்கிறோம். அழகுக்காக மனிதர் தேர்ந்து தேர்ந்து உண்டாக்கிய உடல் இது. அதனால் வேளைக்கு நிறையப் போடாமல், சிறிது சிறிதாக இரண்டு மூன்று வேளை கொடுப்பது நல்லது.

வாங்கும்போதே ஒன்றைப் பாருங்கள். நீந்தும் மீனைப் பார்த்துப் பயனில்லை; அது நீந்துவதை நிறுத்தும்வரை காத்திருங்கள். நின்ற இடத்தில் தலையும் வாலும் சமமாக நின்றால் எடுத்துக்கொள்ளலாம். மூக்கு மெல்லத் தாழ்ந்தாலோ, வால் மெல்ல உயர்ந்தாலோ, எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை.

பெரம்பூரிலிருந்து, மீண்டும்

கோயம்புத்தூர் ஐயா, உங்கள் பகிர்வைப் படித்துவிட்டு உடனே போய் எங்கள் மீனை மேலிருந்து பார்த்தேன். இருபுறமும் ஒன்றாகவே இருக்கிறது. கொளத்தூர் அண்ணனிடம் ஒரு கேள்வி. வெயில் ஏறியதிலிருந்து தொட்டி நீர் பிற்பகலில் 31 டிகிரி ஆகிறது. இந்த வாரம் இரண்டு முறை உணவுக்குப் பின் வால் சற்றே தூக்கியது. மீண்டும் பட்டினி போட வேண்டுமா?

கொளத்தூரிலிருந்து

ஒரு நாள் மட்டும் நிறுத்துங்கள், சகோதரி. அதைவிட முதலில் நீரைக் குளிரவையுங்கள். சூடான நீரில் உயிர்வளி குறைவதால் மீன் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கும்; அதுவும் வால் தூக்கக் காரணமாகலாம். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, ஒரு சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசவிட்டால், நீர் ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி குறையும். குறையும் நீரை மட்டும் தினமும் ஈடுசெய்யுங்கள். பனிக்கட்டி போடாதீர்கள். நீரில் காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக்கல்லைப் பகலில் நிறுத்தவே வேண்டாம். தீனியைக் காலையில், நீர் குளிர்ந்திருக்கும் 6 மணிக்கே கொடுத்துவிடுங்கள். நான்கு நாள் பார்த்து, உங்கள் நோட்டில் உள்ள நேரங்களோடு இங்கே எழுதுங்கள்.