டேனிஷ் படம் ‘ஓர்டெட்’: சப்டைட்டில் விலகுது

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): டேனிஷ் இயக்குநர் டிரேயரின் 1955 படம் ‘ஓர்டெட்’டை வீட்டில் தனியா உட்கார்ந்து பார்க்கணும். சப்டைட்டில் ஆரம்பத்தில் சரியா வருது, போகப்போக முந்திடுது. படத்தில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே வரும் மதச் சண்டையும் பிடிபடலைங்க.

பதில் (சித்தூர்): படம் விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படச்சட்டம்), சப்டைட்டில் 25க்குச் செய்தது. மணிக்கு 2.4 நிமிஷம் விலகும். 126 நிமிஷப் படம், கடைசியில் 5 நிமிஷம் முந்தும். விஎல்சி வீடியோ பிளேயரில் ஜி, எச் விசைகள் சப்டைட்டிலை மொத்தமாகத்தான் நகர்த்தும், இந்த விலகல் தீராது. ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் பிரேம் ரேட்டை 25லிருந்து 24க்கு மாற்றிச் சேமிங்க. டிவி என்றால் மோஷன் ஸ்மூத்திங்கை (நடுவில் செயற்கை பிரேம் சேர்க்கிற வசதி) அணைக்கணும். திரையை நிரப்பப் படத்தை இழுக்காதீங்க, முகம் அகன்றுவிடும்.

பதில் (புளியரை): இரண்டு வீடும் லூத்தரன் என்கிற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபைதாங்க. போர்கன் குடும்பம் டேனிஷ் போதகர் குருண்ட்விக் காட்டிய வழி, வாழ்க்கையை மகிழ்ச்சியோடு ஏற்பது. தையற்காரர் வீடு பாவம், மனந்திரும்புதல் என்று நிற்பது. போர்கன் வீட்டு இளைய மகனுக்கும் தையற்காரர் மகளுக்கும் கல்யாணம் தடைபடுவது இதனால்தான். இது தெரியாமல் பார்த்தால் முதல் பாதி வெறும் பேச்சாகவே போய்விடும்.

உங்க ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதம் என்றால் ஹெட்போன் போடுங்க. படத்திலும் காற்றோசை முக்கியம். கடைசி அரை மணி நேரத்தை நடுவில் நிறுத்தவே கூடாது.

கேள்வி கேட்டவர்: 24க்கு மாற்றியதும் பொருந்திடுச்சுங்க. நன்றி.